கிராபிக்ஸ் கார்டு: ஒரு பட்ஜெட்வாசியின் சரித்திரம்

கிராபிக்ஸ் கார்டு வரலாறு என்று தேடினால் மலை மாதிரி வந்து விழும். எல்லாம் ராஜாக்களின் வரலாறு. எந்த வருடம் எந்தக் கார்டு முதலிடம், எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியை விழுங்கியது, இத்யாதி. ஐந்தாறு வருடப் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு, "இதுலயே ஒரு கார்டைப் போட்டு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்ட முடியுமா?" என்று கடை வாசலில் நின்ற குடிமகனின் வரலாறு அதில் கால்வாசிகூடக் கிடையாது. நான் பி.காம். படித்த வங்கி ஆசாமி. எஞ்சினியர் இல்லை. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் பாத்திர பண்டத்தோடு கம்ப்யூட்டரையும் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற ஜாதி. அதனால் இந்தச் சரித்திரத்தை வரவு செலவுப் பக்கத்திலிருந்துதான் எழுத முடியும்.

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருடத்தைப் புரட்டிப் பார்த்தால், பட்ஜெட்வாசியின் காலை வாரியது பெரும்பாலும் கார்டின் விலை இல்லை. அதைச் செருகும் இடம். ஸ்லாட், மின்சாரம், பாதை. கார்டு மலிவாகக் கிடைத்தது. வீடுதான் அதற்கு ஒத்துவரவில்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்தலாமா?

1981ல் ஐபிஎம் பிசி வந்தபோது இரண்டு கார்டுகள் கிடைத்தன. ஒன்று எம்டிஏ. எழுத்து மட்டும் காட்டும், படம் வராது. இன்னொன்று சிஜிஏ. படம் வரும், ஆனால் எழுத்தைப் பார்த்தால் கண் வலிக்கும். இரண்டுக்கும் நடுவில் 1982ல் ஹெர்குலிஸ் கார்டு வந்தது. கறுப்பு வெள்ளைதான், ஆனால் 720க்கு 348 புள்ளிகள், துல்லியமான எழுத்து, படமும் வரும். இதை உருவாக்கியவர் வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர். அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, தன் தாய் மொழி எழுத்தைத் திரையில் கொண்டு வர வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தார் என்பார்கள். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு சொந்த எழுத்துக்காக ஒரு கார்டு! நம்ம கதை மாதிரியே இல்லை?

நம்ம ஊரிலும் இதே காரியம் நடந்திருக்கிறது. கான்பூர் ஐஐடியில் தொடங்கி, பிறகு புனே சி-டாக் நிறுவனம் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் கார்டு. டாஸ் காலத்துப் பெட்டியில் அதைச் செருகினால் தமிழ், இந்தி, வங்காளம் என்று இந்திய எழுத்துகள் திரையில் வரும். முழுக் கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டாம், ஒரு கார்டு போதும். யூனிகோடு தயவில் இன்றைக்கு நாம் சர்வசாதாரணமாகத் தமிழில் தட்டுகிறோம். அன்றைக்கு அதற்கு ஒரு ஸ்லாட் தேவைப்பட்டது.

நிற்க. அந்தக் காலத்தில் ஸ்லாட் ஒரு பிரச்சினையே இல்லை. ஐஎஸ்ஏ என்கிற அந்த நீளமான கறுப்பு ஸ்லாட் 1981லிருந்து 90களின் கடைசி வரை ஓடியது. நடுவில் 1984ல் கொஞ்சம் நீண்டது, அவ்வளவுதான். பழைய கார்டு புதுப் பெட்டியிலும் உட்காரும். பட்ஜெட்வாசிக்குப் பொற்காலம். ஆனால் அப்போது நடுத்தரக் குடும்பத்தில் கம்ப்யூட்டர் வாங்க யாரிடமும் காசில்லை என்பது வேறு விஷயம் :-)

1990ல் விண்டோஸ் 3.0 வந்ததும் ஐஎஸ்ஏ மூச்சு வாங்க ஆரம்பித்தது. திரை முழுக்கப் படமாக வரைய அந்தப் பாதை போதவில்லை. 1992ல் வெசா லோக்கல் பஸ் என்று ஒன்று வந்தது. 486 பிராசசரோடு நேராகப் பிணைத்த நீளமான ஸ்லாட். பென்டியம் வந்ததும் 486ஓடு சேர்ந்து அதுவும் உடன்கட்டை ஏறிவிட்டது. அடுத்து பிசிஐ. 1997ல் ஏஜிபி. 2004ல் பிசிஐ எக்ஸ்பிரஸ். எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு வருடத்தில் நாலு ஸ்லாட். சம்பளக்காரன் ஒரு பெட்டிக்குக் கடன் கட்டி முடிப்பதற்குள் அதன் வாசல் கதவை மாற்றிவிடுகிறார்கள்.

நடுவில் 1996ல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ. முப்பரிமாண விளையாட்டுக்கென்றே தனி கார்டு. சாதாரணப் படத்தை அதனால் காட்டவே முடியாது. பழைய கார்டை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு வயரை வூடூவுக்கு இழுத்து, வூடூவிலிருந்து மானிட்டருக்குப் போட வேண்டும். அந்தச் சமயத்தில் மெமரி சில்லுகளின் விலை சரிந்ததுதான் வூடூவை வீட்டுக்குள் கொண்டு வந்தது. இருப்பதைத் தூக்கி எறியாமல் மேலே ஒன்று சேர்த்துக்கொள்வது என்ற கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நிலைக்கவில்லை. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை என்விடியா வாங்க ஒப்பந்தம் போட்டது. 2002ல் 3டிஎஃப்எக்ஸ் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. இது ராஜாக்கள் கதை, விட்டுவிடுவோம்.

நம்ம கதை 1999ல் வந்த இன்டெல் 810 சிப்செட்டில் ஆரம்பிக்கிறது. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும். தனி கார்டு வேண்டாம், செலவு மிச்சம். அதோடு ஏஜிபி ஸ்லாட்டையும் எடுத்துவிட்டார்கள். செலரான் பிராசசர், 810 போர்டு, உள்ளூர் கடையில் அசெம்பிள் செய்த பெட்டி. 2000 வாக்கில் கல்லூரி, பிரவுசிங் சென்டர், மாமா வீடு என எங்கு பார்த்தாலும் இந்தக் கூட்டணிதான். வாங்குகிற அன்றைக்கு நல்ல பேரம். இரண்டு வருடம் கழித்துப் பையன் கார்டு கேட்கும்போதுதான், அந்த மிச்சம் பிடித்த காசு எங்கிருந்து வந்தது என்று தெரியும். செருக இடம் கிடையாது.

இது ஒரு முறை நடந்த விபத்து என்று நினைக்காதீர்கள். பின்னால் வந்த 845ல் ஜி என்றால் ஏஜிபி ஸ்லாட் உண்டு; ஜிஎல், ஜிவி என்றால் கிடையாது. 865லும் ஜிவிக்கு அதே கதிதான். ஒரு எழுத்து வித்தியாசம். ரசீதில் "845 மதர்போர்டு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கணக்குத் தணிக்கையாளரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு இருந்த ஒரே வழி பழைய பிசிஐ ஸ்லாட். அதன் பாதை வினாடிக்கு 133 எம்பி, அதையும் மற்ற கார்டுகளோடு பங்கு போட வேண்டும். ஏஜிபி முதல் பதிப்பே அதைப்போல இரண்டு மடங்கு, கடைசிப் பதிப்பு சுமார் 2.1 ஜிபி. ஆனாலும் இந்த ஜனங்களுக்காகவே ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ், எஃப்எக்ஸ் 5200 எல்லாம் பிசிஐ வடிவத்திலும் வந்தன. 2010க்கு அப்புறமும் புதுச் சில்லுகளைப் பிசிஐ கார்டில் ஒட்டி விற்றார்கள் என்றால் எத்தனை பேர் அந்த ஸ்லாட்டில் சிக்கியிருந்தார்கள் என்று யோசியுங்கள்.

சரி, ஏஜிபி ஸ்லாட் இருந்தவர்கள் பிழைத்தார்களா? அங்கே வோல்டேஜ் பிரச்சினை. ஆரம்ப ஏஜிபி 3.3 வோல்ட். பிறகு 1.5. அப்புறம் 0.8. தப்பாகச் செருக முடியாதபடி கார்டில் வெட்டு, ஸ்லாட்டில் தடுப்பு எல்லாம் வைத்தார்கள். ஆனால் சில பழைய 3.3 வோல்ட் கார்டுகளில் தேவையில்லாத வெட்டும் இருந்து தொலைத்தது. அதை 1.5 வோல்ட் மட்டும் தாங்குகிற 845 போர்டில் செருகினால் போர்டு போய்விடும். அதற்காகவே சில போர்டுகளில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு வைத்தார்கள். நண்பரிடம் ஓசியில் வாங்கிய கார்டு, பல ஆயிரம் ரூபாய் போர்டைக் கொன்ற காலம் அது.

2004 ஜூனில் இன்டெல் 915, 925 சிப்செட்களோடு பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. ஏஜிபி பெட்டி வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் பழைய குடித்தனக்காரர்கள் ஆனார்கள். ஜிஃபோர்ஸ் 6600 ஜிடி என்ற அருமையான நடுத்தரக் கார்டு முதலில் எக்ஸ்பிரஸுக்குத்தான் வந்தது. அதே சில்லை ஏஜிபியில் வேலை செய்ய வைக்க நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு பாலச் சில்லு வைத்து, கொஞ்ச மாதம் கழித்து வெளியிட்டார்கள். அதற்கப்புறம் ஏஜிபிக்கு வந்தவை பெரும்பாலும் இப்படித்தான்: 2006ல் 7800 ஜிஎஸ், 2008ல் ரேடியான் எச்டி 3850. ஒரே வேகம் வேண்டுமென்றால் ஏஜிபிக்காரன் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டும். வங்கி பாஷையில் சொன்னால் இது அபராத வட்டி. புதுப் பெட்டி வாங்கக் காசில்லாததற்கு அபராதம்.

இந்த இடத்தில் அஸ்ராக் கம்பெனியை ஒரு வார்த்தை பாராட்டியே ஆக வேண்டும். 2006ல் 775டூயல்-விஎஸ்டிஏ என்று ஒரு போர்டு போட்டார்கள். ஏஜிபி ஸ்லாட்டும் உண்டு, எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் உண்டு. பழைய டிடிஆர் மெமரியும் போடலாம், புதிய டிடிஆர்2வும் போடலாம். அப்போது புதிதாக வந்திருந்த கோர் 2 டுயோ பிராசசரும் உட்காரும். அதாவது முதலில் போர்டையும் பிராசசரையும் மட்டும் வாங்கிக்கொண்டு, பழைய கார்டையும் மெமரியையும் அப்படியே உபயோகிக்கலாம். தீபாவளி போனஸில் மெமரி, அடுத்த வருடம் கார்டு. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் பதினாறு தடத்துக்குப் பதில் நாலுதான் ஓடும் என்பது குறை. இருக்கட்டுமே! இந்தச் சரித்திரத்தில் யாருக்காவது சிலை வைக்க வேண்டுமென்றால் அந்த போர்டை வடிவமைத்தவருக்குத்தான்.

அடுத்த வில்லன் எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு இலவசமாக வருமே, அதுதான். 2000க்கு முன்னால் பிராசசர்கள் பெரும்பாலும் 5 வோல்ட் பக்கமிருந்து மின்சாரம் எடுத்தன. பென்டியம் 4 வந்தபின் எல்லாப் பளுவும் 12 வோல்ட் பக்கம் மாறியது. ஸ்டிக்கரில் 400 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்தால் அழுகை வரும். எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாகக் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆறு முள் வயர், இன்னும் ஒரு 75. எட்டு முள் என்றால் 150. 2007ல் வந்த 8800 ஜிடி 105 வாட் கேட்டது. கார்டு கைக்கெட்டும் விலைக்கு வந்தபிறகு, அதைத் தூக்க நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கப் பாதிக் கார்டு விலை ஆனது.

அதனால்தான் 2014 பிப்ரவரியில் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டை நம்ம ஜாதிக்காரர்கள் கொண்டாடினார்கள். 60 வாட். தனி வயர் வேண்டாம். பிராண்டட் ஆபீஸ் பெட்டியில்கூடச் செருகி ஓட்டலாம். 2016ல் 1050 டிஐ, 75 வாட், அதே கதை. ராஜாக்கள் சரித்திரத்தில் இவற்றுக்கு அடிக்குறிப்புதான் கிடைக்கும். என்னைக் கேட்டால் இவைதான் கதாநாயகர்கள்.

பெயர் மோசடிகளையும் சொல்லாமல் விட முடியாது. 2002ல் ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் வந்தது. பெயரில்தான் 4. உள்ளே ஜிஃபோர்ஸ் 2ன் பரம்பரை, பிக்ஸல் ஷேடர் கிடையாது. அதற்கு முந்தைய ஜிஃபோர்ஸ் 3ல் இருந்த வசதி இதில் இல்லை. ஷேடர் கேட்கிற விளையாட்டுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 8800 ஜிடி கொஞ்ச நாளில் 9800 ஜிடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ் 2009ல் ஜிடிஎஸ் 250 ஆனது. எல்லாவற்றையும்விட என்னை எரிச்சல் படுத்தியது ஜிடி 1030. 2017ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தபோது அதன் மெமரி வேகம் வினாடிக்கு 48 ஜிபி. அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்டு ஒன்று விட்டார்கள். வேகம் 16.8. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. அட்டைப்பெட்டியில் இரண்டிலும் கொட்டை எழுத்தில் "2 ஜிபி".

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோட்டில் நடந்தால் இன்றைக்கும் கடையில் முதல் கேள்வி "கித்னா ஜிபி?" என்பதுதான். முன்பு எம்பி, இப்போது ஜிபி. எந்த வகை மெமரி, எத்தனை பிட் அகலம் என்று நாமாகக் கேட்டால்தான் உண்டு. ரிச்சி தெருவிலும் நேரு பிளேஸிலும் இதே கதைதான், மொழிதான் வேறு.

இனி விலை. வங்கிக்காரன் இதைப் பேசாமல் போனால் தங்கமணியே மதிக்க மாட்டார். 1997ல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி 2005க்குள் கம்ப்யூட்டர் பாகங்களுக்குச் சுங்க வரி இல்லாமல் போனது. நமக்குப் பெரிய நிம்மதி. ஆனால் கார்டின் விலை டாலரில்தானே நிர்ணயமாகிறது? 150 டாலர் கார்டு ஒன்று, 2008 தொடக்கத்தில் டாலர் 39 ரூபாயாக இருந்தபோது 5,850 ரூபாய். 2013 ஆகஸ்டில் டாலர் 68ஐத் தொட்டபோது அதே 150 டாலர் 10,200. வரியும் கடைக்காரர் லாபமும் இதில் சேரவில்லை. 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம்.

தேய்மானத்தையும் பாருங்கள். வருமான வரிக் கணக்கில் 2000களில் கம்ப்யூட்டருக்கு வருடம் 60 சதவீதத் தேய்மானம் அனுமதித்தார்கள் (2017 ஏப்ரலிலிருந்து 40 ஆனது). பத்தாயிரம் ரூபாய்ச் சாமான் மூன்று வருடத்தில் 640 ரூபாய். கிராபிக்ஸ் கார்டுக்கு இது ஏறக்குறைய நிஜ நிலவரமாகவே இருந்தது. 2017லும், பிறகு 2021லும் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் வந்து இந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார்கள். 2021ல் உபயோகித்த கார்டு, வாங்கிய விலையைவிட அதிகத்துக்குப் போனது. தட்டுப்பாட்டில் என்விடியாவே ஐந்து வருடப் பழைய 1050 டிஐயைத் திரும்பச் சந்தைக்கு அனுப்பியது. 2022 செப்டம்பர் 15ல் எதீரியம் தோண்டும் முறையையே கைவிட்டது. கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. இரவு பகலாக ஓடிய கார்டு என்றால் முதலில் பார்க்க வேண்டியது மின்விசிறியையும் உள்ளே காய்ந்துபோன பசையையும்தான்.

இப்போது ஸ்லாட் பிரச்சினை தீர்ந்ததா? வெளியே பார்த்தால் தீர்ந்த மாதிரிதான். 2004 ஸ்லாட்டும் இன்றைய ஸ்லாட்டும் ஒரே வடிவம். ஆனால் வாசல் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சாலை குறுகிவிட்டது. 2022 ஜனவரியில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பார்க்கப் பதினாறு தடக் கார்டு, உபயோகிப்பது நாலு தடம். நாலாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டால் சமாளிக்கும். மூன்றாம் தலைமுறைப் பழைய பெட்டியில் பாதை பாதியாகிவிடும். மெமரியும் 4 ஜிபிதான் என்பதால், அது நிரம்பியதும் படம் திக்கும். மலிவுக் கார்டை வாங்குவது யார்? பழைய பெட்டிக்காரன். அது நொண்டுவது எதில்? பழைய பெட்டியில். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்த இன்டெலின் பி580 நல்ல கார்டு. ஆனால் ரீசைஸபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருக்க வேண்டும். பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பெட்டிகளில் அதை எதிர்பார்க்க முடியாது. 810 காலத்தில் ஸ்லாட் இல்லை என்பது கண்ணுக்காவது தெரிந்தது!

எங்கள் டோம்பிவிலி கட்டடத்தில் திருநெல்வேலிக்காரர் ஒருவர். பையன் பதினொன்றாம் வகுப்பு. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்ததும் ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய பெட்டிகளில் ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறார்கள். ஒல்லி ரகம். பையனுக்கு வீடியோ எடிட்டிங் ஆசை, கூடவே விளையாட்டும் (அது அப்பாவுக்குச் சொல்லப்படவில்லை). "அங்கிள், செகண்ட்ஸ்ல 1050 டிஐ கிடைக்குது, வாங்கலாமா?" என்று கேட்டான். அந்தத் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை என்று சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. அதற்காக உடனே புதுசு வாங்கவும் சொல்லவில்லை. ஆர்எக்ஸ் 6400 உயரம் குறைந்த வடிவத்தில் வருகிறது, ஒல்லிப் பெட்டியில் உட்காரும். ஆனால் அதுவும் நாலு தடம்தான், வீடியோவைச் சுருக்கும் வசதியும் அதில் இல்லை. எடிட்டிங் செய்கிறவனுக்கு அது எதற்கு? உயரம் குறைந்த ஜிடிஎக்ஸ் 1650 பழையது கிடைத்தால் பதினாறு தடம், 75 வாட், அந்த வசதியும் உண்டு, டிரைவரும் இன்னும் வருகிறது.

கார்டு எது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பெட்டியின் மூடியைத் திற என்று சொல்லியிருக்கிறேன். ஸ்லாட்டுக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர், பக்கத்தில் ஒரு ஸ்லாட் அகலமா இரண்டா, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே என்ன எண். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். லாமிங்டன் ரோடு ஞாயிறன்று பெரும்பாலும் அடைத்திருக்கும். அவசரப்பட்டு வாங்கிவிட முடியாது என்பதால்தான் அந்தக் கிழமையைச் சொன்னேன் :-)